லேப் குட்டியா, வளர்ந்த லேப்பா, கன்னியா, நாட்டு நாயா?

போன மாதம் ஒரு ராத்திரி தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, பிள்ளைய ரெண்டும் லேப் லேப்னு உயிரை எடுக்குதுவ. அவிய ஒரு குட்டியப் பாத்தே வச்சிட்டாவ. நீ என்ன சொல்லுத?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பதினொரு வருடம் ஒரு லேப், அதாவது லேப்ரடார் நாய், இருந்தது. ராணி என்று பேர், கறுப்பு, பெட்டை. அதனால் லேப் வேண்டாம் என்று சொல்ல என் வாய் வராது. ஆனால் தங்கச்சி வீட்டின் நாள் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளைக்கு அலுவலகம். பிள்ளைகள் ஏழாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் நாலரை வரை அந்தத் திருநெல்வேலி கே.டி.சி. நகர் வீட்டில் இருப்பது மாப்பிள்ளையின் அம்மா மட்டும்தான். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். நாய் வேண்டும் என்று கேட்பது பிள்ளைகள், வளர்க்கப்போவது அத்தை. அவளை யாரும் இன்னும் கேட்கவே இல்லை.

அந்த வீட்டுக்கு எனக்குத் தெரிந்து நாலு வழி இருக்கிறது: லேப் குட்டி, ஏற்கெனவே வளர்ந்த லேப், கன்னி மாதிரி நம் பக்கத்து வேட்டை நாய் இனங்களில் ஒன்று, தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி. தங்கச்சியிடம் போனில் துண்டுதுண்டாகச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் லேப் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பேர் லேப்ரடார் என்றாலும், அதன் மூதாதை கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களிடம் இருந்த நாய். உறையும் குளிரில் கடலுக்குள் குதித்து வலையையும் தப்பிய மீனையும் இழுத்து வரும். அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்கள் கொண்டுபோய், வேட்டையில் சுட்டு விழுத்திய வாத்தை வாயில் கவ்வி நசுக்காமல் எடுத்துவரப் பழக்கி, 1903-இல் அங்கே நாய் இனங்களைப் பதிகிற சங்கமான கென்னல் கிளப்பில் தனி இனமாகப் பதிந்தார்கள். ஆக, அதன் உடம்பில் இருப்பது இரண்டு அடுக்கு ரோமம், விரல்களுக்கு நடுவே சவ்வு, நீர்நாய் வால் மாதிரித் தடித்த வால். பனித்தண்ணீருக்கு என்று உருவான உடம்பை நாம் சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை சிமெண்ட் தரையில் படுக்கப் போடுகிறோம்.

வாயில் எதையாவது கவ்வுவது, மனிதரோடு ஒட்டிக்கொள்வது, தண்ணீரைக் கண்டால் பாய்வது எல்லாம் அந்தப் பழைய வேலையின் மிச்சம்தான். யாரையும் சந்தேகப்படாத குணமும் அங்கிருந்து வந்ததுதான். திருடனுக்காக லேப் வாங்குகிறேன் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவரைக் கூட்டிப்போய் நகைக்கடைக்குக் காவல் போட்ட மாதிரி இருக்கும். பெரிய உருவம், கனத்த குரல், ரெண்டு குரைப்பு உண்டு. அதைப் பார்த்துப் பயந்து போகிறவன் போய்விடுவான். போகாதவனிடம் அது வாலை ஆட்டும்.

சரி, குட்டிக்கு வருவோம். மாப்பிள்ளை பார்த்து வைத்த குட்டிக்கு முப்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. "சின்னதா இருக்கும்போதே கொண்டாந்தா நல்லா ஒட்டிக்கும்" என்று விற்பவர் சொன்னாராம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. விதியை விடுங்கள். ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு சண்டை போட்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தது கத்தும் என்று கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் படிக்காமல் வந்த குட்டி அதை நம் பிள்ளைகளின் கையில் படிக்கும்.

குட்டியைப் பார்க்கப் போனால் தாயைக் காட்டச் சொல்ல வேண்டும். தாயைக் காட்ட மறுக்கிற இடத்தில் அழகான குட்டி இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம். தாய் நடக்கும்போது பின்னங்கால் ஆடுகிறதா, ஆளைக் கண்டு ஒடுங்குகிறதா என்பதைப் பார்த்தால், கழுத்தில் ரிப்பன் கட்டிய குட்டியைப் பார்ப்பதைவிட அதிகம் தெரியும். லேப்புக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் முழங்கை மூட்டுக் கோளாறும் பரம்பரையாக வரும். தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்டால், நம் பக்கத்தில் பலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கென்னல் கிளப் சான்றிதழ் இருந்தால் பரம்பரை தெரியும், மூட்டு தெரியாது.

நிறத்தைப் பற்றித்தான் தங்கச்சி மகன் அதிக நேரம் பேசினான். கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்றும் ஒரே இனம், ஒரே குணம். வெயிலில் கறுப்பு சீக்கிரம் சூடாகும், அவ்வளவுதான். ஆண் என்றால் 29 முதல் 36 கிலோ, பெட்டை 25 முதல் 32 கிலோ. வீட்டில் வயதானவர் இருந்தால் இந்த நாலு கிலோ வித்தியாசம் பெரிதுதான். பெட்டை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் போகும் என்பார்கள். கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. பெரிய இன நாய்க்கு அதை ரொம்பச் சீக்கிரம் செய்யாமல், எலும்பு வளர்ந்த பிறகு எப்போது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

குட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை. முதல் சில மாதங்கள் ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை சாப்பாடு. தூங்கி எழுந்தால் மூத்திரம், சாப்பிட்டால் மூத்திரம், விளையாடினால் மூத்திரம். ஒவ்வொரு முறையும் யாராவது தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பல் மாறும், அப்போது செருப்பு, ரிமோட், நாற்காலிக் கால் எதுவும் தப்பாது. ஏழெட்டு மாதத்தில் இருபது கிலோவைத் தாண்டிவிடும், புத்தி மட்டும் குட்டிப் புத்தியாகவே இருக்கும். ரெண்டு வயது வரை அப்படித்தான். ராணி ஒன்றரை வயதில் ஆசையாக ஓடிவந்து எங்கள் அம்மாவின் மேல் இடித்ததில் அம்மா கொடிக்கம்பத்தைப் பிடித்துத் தொங்கினாள். கம்பம் இல்லையென்றால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிதான். அத்தையின் முட்டியை நினைத்தால் எனக்கு இந்தக் காட்சிதான் முன்னால் வருகிறது.

தடுப்பூசி விஷயத்தில் பேரமே இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில் அடுத்த ஊசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருடாவருடம். அந்த வரிசை முடிகிற வரை குட்டியைத் தெருவில் விடக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாந்தி, ரத்தமாகப் பேதி என்று ரெண்டே நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு ஒரு வசதி. பல மாவட்டத்துக்காரர்களுக்கு அது கிடையாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம்.

லேப்புக்கு வயிறு நிறைந்தது தெரியாது என்று சொல்வோம். விளையாட்டுக்குச் சொல்கிற பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது, ஏறக்குறைய நாலு லேப்பில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஒரு துண்டே இல்லை. அந்த நாய்கள் எடையும் கூடுதல், தீனி மேல் வெறியும் கூடுதல். ஆகவே அது தட்டு முன்னால் உட்கார்ந்து பார்க்கிற பார்வையை நம்பக் கூடாது. எங்கள் அம்மா நம்பினாள். காலையில் மூன்று இட்லி, மதியம் நெய் விட்ட சோறு, சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி கறிச்சோறு. நாலு வயதில் ராணி 39 கிலோ. பெட்டைக்கு அது ஏழு கிலோ அதிகம். படியேறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் எடை மெஷினைப் பார்த்துவிட்டு, "இது நாயா, கன்னுக்குட்டியா?" என்றார். 29 கிலோவுக்குக் கொண்டுவர ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடமும் அம்மாவுக்கும் எனக்கும் தினசரிச் சண்டை.

அந்தச் சண்டையில் எனக்குக் கைகொடுத்தது 2002-இல் வெளியான ஓர் ஆய்வு. 48 லேப்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாகவே ஆயுள் முழுக்கத் தீனி போட்டார்கள். குறைவாகத் தின்றவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலியும் பிந்தியே வந்தது. பத்துப் பன்னிரண்டு வருட ஆயுசில் ரெண்டு வருடம் என்றால் சும்மாவா?

அளவு பார்க்கத் தராசு வேண்டாம். விலாவில் கை வைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். வளர்ந்த லேப்புக்கு மூட்டைத் தீவனம் என்றால் ஒரு நாளைக்கு 300, 350 கிராம் வரும், மாதம் பத்துக் கிலோ. வீட்டுச் சாப்பாடா, மூட்டைத் தீவனமா என்று கேட்டால், குட்டிக்குப் பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் தீவனத்தையே போடுங்கள் என்பேன். அதில் சுண்ணாம்புச் சத்து அளவோடு இருக்கும். எலும்பு பலமாகட்டும் என்று நாமாகக் கால்சியம் சிரப் ஊற்றுவது நம் ஊரில் பெரிய வியாதி. பெரிய இனக் குட்டியின் உடம்புக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தள்ளத் தெரியாது, எலும்பு கோணிப்போகும். வளர்ந்த பிறகு சோறு, வேகவைத்த கோழி, முட்டை, காய் என்று வீட்டிலேயே போடலாம். வெறும் தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்த்தால் வயிறு நிறையும், தோலும் ரோமமும் கெடும்.

நம் வீட்டு மிச்சம் போடுவதில்தான் ஆபத்து அதிகம். சொதி வைத்த அன்று மீந்த சோற்றை நாய்க்கு வைப்பது நம் வழக்கம். சொதியில் சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்துக்கு விஷம். சாக்லேட்டும் விஷம் என்பது தெரிந்ததுதான். அல்வா விஷமில்லை, ஆனால் அந்த நெய்யும் சர்க்கரையும் கணையத்தை வீங்க வைக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

அடுத்தது வெயில். நாய்க்கு மேலெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். மாசியிலிருந்து வைகாசி வரை நடைபயணம் காலை ஆறரைக்குள் முடிய வேண்டும், சாயங்காலம் பொழுது அடைந்த பிறகு. தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. மொட்டையடித்தால் குளுகுளுவென்று இருக்கும் என்று சிலர் ரோமத்தை வழித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு அடுக்குதான் வெயிலையும் தடுக்கிறது, வழிக்கக் கூடாது. வாரம் மூன்று நாள் சீவினால் போதும். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு லேப்பைக் கட்டுவது பாவம். மின்விசிறியும் குளிர்ந்த தரையும் அதற்குத் தேவை. "நாயி உள்ள வரப்படாது" என்று அத்தை சொன்னால், லேப் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

வெக்கை தாக்கிவிட்டால் எச்சில் கெட்டியாக வடியும், ஈறு ரத்தச் சிவப்பாகும், கால் தள்ளாடும். அப்போது டாக்டரிடம் ஓடுவதற்கு முன்னால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறியில் போட வேண்டும், அப்புறம்தான் வண்டி. ஒன்று கவனம்: மத்தியானம் குழாயைத் திறந்தால் மாடித்தொட்டித் தண்ணீர் வெந்நீராக வரும். நிழலில் ஒரு டிரம்மிலோ அண்டாவிலோ எப்போதும் தண்ணீர் பிடித்து வைத்திருங்கள்.

ஆறு என்றால் லேப்புக்குப் பித்து. தாமிரபரணி ஓடுகிற ஊரில் அது ஒரு பாக்கியம்தான். ஆனால் ஆட்கள் குளிக்கிற படித்துறையில் இறக்காதீர்கள். ஊருக்குள் சாக்கடை கலக்கிற பகுதியும் வேண்டாம். மேற்கே போய் ஆள் இல்லாத, இழுப்பு இல்லாத இடமாகப் பாருங்கள். வெள்ளக் காலத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். 2023 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டோம். குளித்த பிறகு தொங்கும் காதைத் தூக்கி உள்ளே துடைக்காவிட்டால் சீழ் பிடித்து நாற்றம் வரும். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரால் வரும் லெப்டோவுக்கும் ஊசி இருக்கிறது. அதையும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று ஊசி நோட்டில் பாருங்கள். உண்ணி இன்னொரு தொல்லை. உண்ணிக் காய்ச்சலில் நாய் சாப்பாட்டை ஒதுக்கும், மூக்கில் ரத்தம்கூட வரும். சாப்பாட்டை ஒதுக்குகிற லேப் என்றால், அன்றைக்கே டாக்டர்.

இனி நம் பக்கத்து நாய்கள். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பேர்கள். கறுப்பில் செம்மை கலந்து வரும் கன்னி கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் இன்றும் உண்டு. மெலிந்த உடம்பு, ஒட்டிய வயிறு, ஒற்றை அடுக்கு மெல்லிய ரோமம். நம் வெயிலுக்குப் பிறந்தவை, லேப்பைவிடக் குறைவாகத்தான் தின்னும், இடுப்பு மூட்டுத் தொல்லையும் அரிது. மானூர் பக்கம் நாலு ஏக்கர் தோட்டமும் கம்பிவேலியும் இருக்கிற என் சிநேகிதன் கன்னி வளர்க்கிறான், அவனுக்கு அதைவிட நல்ல நாய் கிடையாது. ஆனால் முயலைப் பார்த்தால் பாய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த நாய் அது. பக்கத்து வீட்டுக் கோழி, பூனை, ஆட்டுக்குட்டி எல்லாம் அதன் கண்ணுக்கு முயல்தான். வீட்டில் ஓரிருவரிடம் உயிரை வைக்கும், வந்துபோகும் டியூஷன் பிள்ளைகளிடம் அந்தத் தாராளம் காட்டாது. ராஜபாளையம் காவலுக்குப் பேர்போனது, 2005-இல் தபால்தலையில் வந்த நாலு நாய்களில் ஒன்று. பால்வெள்ளைக் குட்டிகளில் சிலது பிறவிச் செவிடாக இருக்கும். வாங்குமுன் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து சென்ட் வீட்டில், ஓட இடமில்லாமல் இந்த இனங்களைக் கட்டிப்போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நம் மண்ணின் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமை அந்தச் சங்கிலிக்குத் தெரியாது.

நாட்டுக்குட்டி பற்றிச் சொன்னால் மாப்பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்கிறது. எனக்கு அப்படியில்லை. காசு இல்லை, வெயில் தாங்கும், லேப் அளவுக்கு எடை போடாது, காவலுக்கு லேப்பைவிட நூறு மடங்கு மேல். அத்தை மேல் விழுந்தாலும் அடி குறைவு. ஆனால் நாட்டு நாய்க்கு ஊசி வேண்டாம் என்பது பொய். பார்வோ அதையும் கொல்லும், ரேபிஸ் எல்லாருக்கும் பொது. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று நாலு மாதத்துக்குள் ஆட்களையும் குழந்தைகளையும் வண்டிச் சத்தத்தையும் பழக்கிவிட்டால் வீட்டு நாய்தான், அதற்கு மேல் எடுத்தால் கூச்சம் போக நாளாகும். குணம் எப்படி அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது ஒன்றுதான் குறை. பெட்டைக் குட்டிகளைத்தான் குப்பைமேட்டில் விடுகிறார்கள் என்பதால், எடுத்தால் பெட்டையாக எடுங்கள். இதற்கும் மூன்று மாதம் வரை பகலில் ஆள் வேண்டும், அதுதான் தங்கச்சி வீட்டுக்கு இடிக்கிறது.

மிச்சம் இருப்பது வளர்ந்த லேப். இந்த வழியை யாரும் யோசிப்பதே இல்லை, ஆனால் பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் மட்டும் எத்தனை வீட்டில் "யாராச்சும் எடுத்துக்கிடுவாங்களா" என்று கேட்கிறார்கள் தெரியுமா? வெளிநாட்டு வேலை, வாடகை வீடு மாற்றம், குட்டியாக வாங்கியது எருமையாக வளர்ந்துவிட்ட அதிர்ச்சி, எல்லாம் காரணம். மூன்று நாலு வயது நாய் என்றால் பல் கடி முடிந்திருக்கும், வெளியே போகப் பழகியிருக்கும், ரெண்டு வேளைச் சாப்பாடு போதும், பகலில் பாதி நேரம் தூங்கும். குணம் கண்ணுக்கு எதிரே தெரியும், ஊகிக்க வேண்டியதில்லை. இழப்பும் உண்டு. குட்டிக் காலத்து விளையாட்டு பிள்ளைகளுக்குக் கிடைக்காது. கூட இருக்கப்போகும் வருடங்களும் குறைவு. புது வீட்டில் முதல் ரெண்டு மூன்று வாரம் பழைய ஆட்களைத் தேடி வாசலிலேயே படுக்கும், பார்க்கச் சங்கடமாக இருக்கும். பிறர் கெடுத்த பழக்கம் ஏதாவது இருந்தால் நம் தலையில் விழும்.

நான் தங்கச்சியிடம் சொன்னது இதுதான்: பகலில் வீட்டில் இருப்பது அத்தை ஒருத்தி என்கிற வரையில் குட்டி வேண்டாம், லேப் குட்டியும் வேண்டாம், நாட்டுக்குட்டியும் வேண்டாம். நாலு வயதுப் பெட்டை லேப் கிடைத்தால் எடு. காலையில் மாப்பிள்ளை எழுந்து நடத்திக்கொண்டு போக வேண்டும். மத்தியானம் அது கூடத்தில் விசிறிக்குக் கீழே படுக்க அத்தை சம்மதிக்க வேண்டும். ரெண்டில் ஒன்று இல்லையென்றாலும் மீன் தொட்டி வாங்கு. கோடை விடுமுறையில் தங்கச்சியும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிற இரண்டு மாதத்தை நம்பிக் குட்டி எடுக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்குமே என்றேன்.

அத்தையிடம் கடைசியில் நானே கேட்டேன். "கூடத்துல படுக்கட்டும், அடுப்பங்கரைக்குள்ள வரப்படாது. பூஜை ரூம்லயும். எம்மேல தாவுச்சின்னா அன்னைக்கே கொண்டு விட்டுருங்க" என்றாள். எனக்கு அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

மேலப்பாளையத்தில் துபாய்க்குக் குடும்பத்தோடு போகிற ஒருவர் வீட்டில் மஞ்சள் நிறப் பெட்டை இருக்கிறதாம், மூன்றரை வயது, கருத்தடை ஆகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி குடும்பத்தோடு நானும் போகிறேன், அத்தையும் வருகிறாள். ஊசி நோட்டு கேட்க வேண்டும், காதைத் தூக்கி மோந்து பார்க்க வேண்டும், தின்னும்போது தட்டுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் உறுமுகிறதா என்று அவர்களையே செய்துகாட்டச் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், போனதும் யாரும் அதைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். படுத்திருக்கும் நாய் வழுக்கும் டைல்ஸ் தரையில் பின்னங்காலை எப்படி ஊன்றி எழுந்திருக்கிறது என்பதை நான் பார்க்க வேண்டும்.